மே மாதத்தில் கல்யாணம் வைத்தவளுக்கு

கிராண்ட் ஐலண்ட், நெப்ராஸ்கா
மே 18, 1994, புதன்கிழமை

அன்புள்ள டார்லா கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சௌக்கியம்தான், முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது, இறங்கும்போது திட்டுகிறது. உன் அப்பாவுக்கு உடம்பில் ஒரு கேடும் இல்லை, இரும்பு மாதிரி இருக்கிறார், மண்டையும் அதே இரும்புதான். அங்கே ஸ்காட்லாந்தில் நீயும் மாப்பிள்ளை ஃபர்கஸும் அவர் வைத்தியம் பார்க்கும் ஆடு மாடுகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கல்யாண உடுப்பு இடுப்பில் ஏற வேண்டும் என்று நீ பட்டினி கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். கிடக்காதே. உடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம், சர்ச்சில் மயங்கி விழுந்தால் உன்னைப் பார்க்க ஆட்டு வைத்தியர்தான் இருக்கிறார், அவர் முதலில் உன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்.

இதைத் தபாலில் போட்டால் உன் கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் முதல் சண்டையும் போட்டு முடித்த பிறகுதான் வந்து சேரும். அதனால் நானே கையில் கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை அபர்டீன் விமான நிலையத்தில் உன்னைக் கட்டிப்பிடிக்கும்போது உன் கோட்டுப் பைக்குள் போட்டுவிடுவேன், நீ நேரே கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வா. நேரில் சொன்னால் என்ன என்பாய். நேரில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்தில் நீ கத்துவாய், மூன்றாவதில் நான் அழுவேன், பக்கத்தில் மாப்பிள்ளை பாவம் எந்தப் பெட்டியைத் தூக்குவது என்று தெரியாமல் முழிப்பார். விஷயம் இதுதான். விமானத்திலிருந்து நான் மட்டும்தான் இறங்குவேன் என்று தோன்றுகிறது. உன் அப்பாவின் டிக்கெட் என் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது, அந்த இருக்கையில் ஆள் உட்காருவாரா என்பதுதான் தெரியவில்லை. நாளைக் காலை அவருடைய பேஸ்பால் அணிக்கு அரையிறுதி. ஜெயித்தால் சனிக்கிழமை இறுதி ஆட்டம். உன் கல்யாணமும் சனிக்கிழமை. இந்தத் தடவையும் அவர் வராவிட்டால் இனி எதற்கும் அவரைக் கூப்பிட மாட்டேன், சர்ச்சில் அவருக்குப் பதிலாக என் கையைப் பிடித்து நடந்துவர ஃபர்கஸின் தாய்மாமாவுக்குக் கோட்டுத் தைக்கக் கொடுத்தாயிற்று என்று நீ எழுதியிருந்ததை அவரிடம் நான் மறைக்கவில்லை, சாப்பாட்டு மேசையில் சத்தமாகவே படித்துக் காட்டினேன். அவர் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே இருந்தார், தட்டில் இருந்தது முழுக்கத் துண்டு துண்டான பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தார்.

பேஸ்பால் கோச் வீட்டில் பிறந்துவிட்டு எவளாவது மே மாதத்தில் கல்யாணம் வைப்பாளா என்று நம் சர்ச்சில் நாலு பேர் என்னைக் கேட்டார்கள். நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே ஏப்ரல் முழுக்க ஆடுகள் குட்டி போடும் காலம், மாப்பிள்ளை தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிறார், கை வெளியே வந்த பிறகுதானே மோதிரம் போட முடியும் என்று சொன்னேன், அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. உன் மனசில் இருந்த இன்னொரு கணக்கும் எனக்குத் தெரியும். நம் ஆஸ்டெட் கல்லூரியின் ஆட்டங்கள் மே முதல் ஞாயிறோடு ஒப்பாரி வைத்து முடிந்துவிடும், கடைசிச் சுற்றுக்குப் போகும் நாலு அணிகளில் நாம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, ஆகவே மூன்றாம் சனிக்கிழமை பத்திரமான நாள். கணக்கில் ஒரு பிழையும் இல்லையடி. முப்பத்தாறு வருடமாக மனுஷன் எவ்வளவு ஒழுங்காகத் தோற்றுக்கொண்டிருந்தார்! கடைசி வருடத்தில், ஓய்வு பெறுகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு, ஜெயித்துத் தொலைப்பார் என்று யாருக்குத் தெரியும்.

நீ அந்த ஊருக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது, அதனால் உன் அப்பாவின் புகழை ஒரு முறை ஞாபகப்படுத்துகிறேன். அவரைக் கல்லூரியில் வைத்திருந்தது ஜெயிப்பதற்காக இல்லை. பஸ் ஓட்டுவது அவர், புல் வெட்டுவது அவர், சுண்ணாம்புக் கோடு போடுவது அவர், ஆட்டம் முடிந்ததும் காகிதக் கோப்பை பொறுக்குவதும் அவர். அவரை அனுப்பினால் நாலு பேரை வேலைக்கு எடுக்க வேண்டும், ஐந்தாவதாக ஒரு கோச்சும் வேண்டும். நம் மைதானம் இருக்கும் லட்சணத்துக்குப் பந்து எங்கே எகிறும் என்று கடவுளுக்கே தெரியாது, அவரிடம் ஆடியவர்களில் பாதிப் பேருக்கு முன்பல் போனது, அதைப் பார்த்த மீதிப் பேர் பல் மருத்துவம் படித்து நம் ஊரிலேயே கடை போட்டார்கள். பெரிய லீகுக்குப் போனவன் ஒரே ஒருவன், அவனும் கரடி வேஷத்துக்குள் புகுந்து ஆட்டத்துக்கு நடுவில் ரசிகர்களைச் சிரிக்க வைக்கக் குதிப்பவன், அவனைப் பற்றிக்கூட உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நல்லா குதிக்கிறான் பாரு, கால்ல பலம் நான் குடுத்தது என்பார். அம்பயரோடு அவர் வாயைத் திறந்து சண்டை போட்டதே இல்லை. மற்ற கோச்சுகள் மாதம் ஒரு முறை தொப்பியை வீசி, மண்ணை உதைத்து, அம்மா அக்காவையெல்லாம் இழுத்து, வெளியேற்றப்பட்டுக் கார்கள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார்கள். உன் அப்பா கண்ணெதிரே கொள்ளை போனாலும், நல்லதுங்க என்று சொல்லிவிட்டு வந்து பெஞ்சில் உட்காருவார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வெளியேற்றப்படாத கோச் எங்கள் லீகில் அவர் ஒருவர்தான், சாதனை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருப்பது அது ஒன்றுதான். உனக்கு இதெல்லாம் சிரிப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நீ பிறந்தபோது அவர் இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் இருந்தார். நீ பள்ளிக்கூடம் முடித்த அன்று டக்கோட்டாவில் தோற்றுக்கொண்டிருந்தார். நீ கை உடைத்துக்கொண்டபோது அவரைத் தேடி மைதானத்துக்கு ஓடியது நான்தான், கட்டுப் போட்டு முடியட்டும், அடுத்த இன்னிங்ஸில் வருகிறேன் என்றார். இதற்கெல்லாம் நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, பழகிவிட்டேன், அவ்வளவுதான்.

இந்த வருடமும் வழக்கம்போலத் தோல்விகளோடுதான் தொடங்கினோம், எனக்கு மனசு நிம்மதியாக இருந்தது, உன் கல்யாணத்துக்கு இரண்டு டிக்கெட்டையும் வாங்கினேன். ஈஸ்டர் முடிந்த வாரம் பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. பெட்ரோல் பங்கில் வேறு ஒன்றும் கிடைக்காமல் பையன்கள் ஜாடியில் வினிகரில் ஊறிக்கிடந்த முட்டைகளைத் தின்றார்கள். அன்று குளிர் காது மடலை அறுத்தது, நான் மாப்பிள்ளையின் அம்மா பின்னி அனுப்பிய சிவப்புக் கம்பளிக் குல்லாவை, உச்சியில் முயல்வால் மாதிரி குஞ்சம் தொங்குமே அதை, போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று ஜெயித்தார்கள். மறுநாளும் ஜெயித்தார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும், ஜெயித்த அன்று செய்த எதையும் மாற்றக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எல்லோரும் ஊறவைத்த முட்டை தின்ன வேண்டும், அந்தப் பஸ்ஸுக்குள் இப்போது தலையை நீட்டினால் கண்ணில் நீர் வருகிறது. நான் குல்லாவைக் கழற்றக் கூடாது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஊர்ப் பெண்கள் எல்லாம் கையில்லாத சட்டையில் எலுமிச்சைச் சாறு குடிக்கிறார்கள், நான் மட்டும் பனிமலை ஏறப் போகிறவள் மாதிரி வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போய் எடுத்துவந்தார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. ஜெயித்தபோது அவர் போட்டிருந்த உள்சட்டையைத் தோற்கும் வரை துவைக்கக் கூடாது, உனக்குத் தெரிந்ததுதான். நான் அதை எடுத்து வெளுப்புத் தூளில் ஊறவைத்து, லாவெண்டர் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்து, இஸ்திரியும் போட்டு மடித்து வைத்தேன். மறுநாள் அதை மோந்து பார்த்தவர் முகம் சவப்பெட்டி பார்த்த மாதிரி ஆனது. அன்றைக்குப் பதினோரு ரன் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் அதை லாவெண்டர் போட்டுத் துவைத்துத் தர வேண்டும், என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அதற்கும் மேலே ஒன்று செய்தேன். போன வாரம் நம்ம ட்ராய் பந்தெறிந்துகொண்டிருந்தான், ஆறாவது இன்னிங்ஸ் வரை எதிரணியில் ஒருவனும் அவன் பந்தை அடிக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரக்கூட மாட்டார்கள், அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, திறந்தால் ராசி போய்விடுமாம். நான் வேலிக்கு மேலே எட்டி, ட்ராய் கண்ணு, இன்னும் ஒருத்தன்கூட உன் பந்தை அடிக்கலையே, கவனிச்சியா என்று நன்றாகக் காதில் விழும்படி கேட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் ஜெபத்தின் நடுவில் ஏப்பம் விட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். அடுத்து வந்தவன் முதல் பந்தையே வேலிக்கு அப்பால் அடித்தான். ட்ராய்க்கு அழுகை வந்துவிட்டது, எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள், என்ன செய்ய.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா தொப்பியைக் கழற்றாமலே சமையலறையில் வந்து நின்றார். "என்ன காரியம் பண்ணினே லவோன்? அந்தப் பையன் வாழ்க்கைல இன்னொரு தடவை அப்படி எறிவானா?" என்றார். "பொழுது போகலை, பேசினேன்" என்றேன். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "கல்யாணத்துக்காகத்தானே?" என்றார். பின்னே உங்க கருமாதிக்கா என்று கேட்டுவிட்டு நானும் கொட்டித் தீர்த்துவிட்டேன். "ஒரே ஒரு ஆட்டம் தோத்துடுங்க, உங்களுக்குத் தெரியாத வித்தையா அது?" என்றேன். அவருக்குச் சுருக்கென்றது. "நான் ஆயிரம் தோத்திருக்கேன். ஒண்ணுகூட வேணும்னு தோத்ததில்லை. அத்தனையும் பாடுபட்டுத் தோத்தது" என்றார். நான் போய் அந்த உள்சட்டையை லாவெண்டரில் ஊறப்போட்டேன்.

இன்று மத்தியானம் இந்த விடுதி அறையில் வைத்து மறுபடி ஆரம்பித்தேன். சரி ஜெயிச்சுக்குங்க, சனிக்கிழமை ஆட்டத்தை டெனிகிட்ட விட்டுட்டு என்னோட வாங்க என்றேன். டெனி அவருக்குத் துணைக் கோச்சாகப் பதினைந்து வருடமாக நிழல் மாதிரி நிற்கிறான், வாயில் ஈ புகுந்தாலும் கோச் சொன்னால்தான் துப்புவான். "பையங்களைச் சேக்கும்போது அவங்க அம்மாக்கள் சமையல்கட்டுல உக்காந்து வாக்குக் குடுத்திருக்கேன், கடைசிப் பந்து வரைக்கும் உங்க பையன்கூட இருப்பேன்னு. பாதியில எழுந்து போறவனா அவனுங்க முன்னாடி நிக்கச் சொல்றியா?" என்று கேட்டார். "உங்க பொண்ணோட அம்மாவும் முப்பது வருஷமா உங்களுக்குச் சமைச்சுப் போடறா, அவளுக்கு ஒரு வாக்கும் இல்லையா?" என்றேன். சூரியகாந்தி விதையை மென்று தொலியைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே இருந்தார். கோப்பை பாதி நிறைந்ததும், "அந்தத் தாய்மாமா ஆள் எப்படி?" என்றார். "நல்ல மனுஷராம், எங்கே போனாலும் நேரத்துக்கு வந்துடுவாராம்" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார், பஸ்ஸுக்குள் டெனியோடு எதையோ பேசிக்கொண்டிருந்தார். டார்லா, நான் அவரோடு சண்டை போட்டதில் குறை வைக்கவில்லை. நாளை ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது முடிந்ததும் நம் பல் மருத்துவர்களில் ஒருவன் என்னை ஒமாஹா விமான நிலையத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நான் தனியாக வந்து நின்றால் அவரைப் பற்றி ஒன்றும் கேட்காதே, எனக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், சில்லி என்கிற காரமான கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும், இந்த வெயிலுக்கு அதுதான் குறைச்சல்.

சிகாகோ விமான நிலையம், வியாழன்

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன், வேண்டாம், என் வயிற்றெரிச்சல் உனக்கும் தெரியட்டும். நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். காலையில் ஆட்டம் தொடங்கியது, பையன்கள் பேய் பிடித்த மாதிரி அடித்தார்கள், பாதி ஆட்டத்துக்குள் எதிரணிக்காரர்கள் வீட்டுக்கு மூட்டை கட்டும் முகத்தோடு நின்றார்கள். ஏழாவது இன்னிங்ஸ் முடிந்தது, நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பல் மருத்துவன் சாவியை ஆட்டி ஆட்டிக் காட்டினான். உன் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்பது இரண்டு என்று முன்னணியில் இருக்கிறோம், எட்டாவதில் நம் பையன் ஒருவன் மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவந்து, ரன் எடுக்கத் தொட வேண்டிய ஹோம் பிளேட் பலகையில் சறுக்கி விழுந்தான், புழுதி எழுந்தது, அம்பயர் மெர்ல் இரண்டு கையையும் விரித்து, ரன் செல்லும் என்று காட்டினார். பத்து இரண்டு. நம் பக்கம் எல்லோரும் குதித்தார்கள். அப்போதுதான் உன் அப்பா பெஞ்சிலிருந்து இறங்கி, மெதுவாக, சர்ச்சுக்குப் போகிறவர் மாதிரி நடந்து போய் மெர்லின் முன்னால் நின்று, அந்த மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "அவன் அவுட்டு! உனக்குக் கண்ணு இருக்கா, இல்லை ரெண்டு பொத்தானைத் தைச்சு வெச்சிருக்கா?" என்று கத்தினார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். மெர்ல் முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். "யோவ் எல்டன், அது உன் பையன்யா" என்றார். "எவன் பையனா இருந்தா என்ன, அவுட்டுன்னா அவுட்டு!" என்றார் உன் அப்பா. சறுக்கி விழுந்த பையன் எழுந்திருக்கவும் தெரியாமல் படுத்திருக்கவும் தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறான். எதிரணிக் கோச் பெஞ்சிலிருந்து எட்டி, "எங்களுக்கு ஆட்சேபணை இல்லைங்க" என்றார். "வெயில்ல மண்டை காஞ்சிருச்சு, போய்த் தண்ணி குடிச்சிட்டு உக்காரு" என்று மெர்ல் தோளைத் தட்டினார். உன் அப்பா தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். இந்த மாதிரி வேலையில் பழக்கம் இல்லாததால் அது அவர் கால் மேலேயே விழுந்தது. மண்ணை உதைத்தார், அதுவும் சரியாக வரவில்லை, மறுபடி உதைத்தார், மெர்ல் நாளெல்லாம் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் பூட்ஸ் மேல் ஒரு பிடி மண் விழுந்தது. அதற்கும் மெர்ல் அசையவில்லை. கடைசியில் உன் அப்பா, அறுபத்து மூன்று வயது மனுஷன், ஹோம் பிளேட் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மெர்ல் குனிந்தார். இருவரும் ஏதோ பேசினார்கள், எனக்குக் கேட்கவில்லை. பிறகு மெர்ல் நிமிர்ந்து, மூச்சை இழுத்துவிட்டு, வானத்தைக் கிழிக்கிற மாதிரி கையை வீசி அவரை வெளியேற்றினார்.

பையன்கள் சும்மா விடுவார்களா? கொதித்துப்போய் ஓடிவந்து மெர்லைச் சூழ்ந்துகொண்டு, எங்க கோச்சை எப்படி அனுப்பலாம், அவர் உண்மையைத்தானே சொன்னார் என்று கத்துகிறார்கள். தங்களுக்குக் கிடைத்த ரன்னை வேண்டாம் என்று சொல்வதற்காக ஒரு அணி அம்பயரோடு மல்லுக்கட்டியதை நான் இன்றுதான் பார்த்தேன். ட்ராய், "கோச், சனிக்கிழமை உங்களுக்காக அந்தக் கோப்பையைத் தூக்கறோமா இல்லையா பாருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினான். உன் அப்பா திரும்பிப் பார்க்காமல் மைதானத்தைக் கடந்து வேலிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார், தோள் மட்டும் குலுங்கியது, அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எங்கள் லீகில் வெளியேற்றப்பட்ட கோச் அடுத்த ஆட்டத்துக்கு மைதானத்தின் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. இந்தச் சட்டம் எனக்கு ஞாபகம் வருவதற்குள் நான் பாதிப் படி இறங்கிவிட்டேன், முழங்கால் என்ன சொன்னது என்று கேட்கவில்லை.

கார் பக்கத்தில் அவர் இல்லை, முகம் கழுவப் போயிருந்தார். ஆட்டம் முடிந்ததும் மெர்ல்தான் அவர் விட்டுப்போன தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார், பூட்ஸில் மண் அப்படியே இருந்தது. "லவோன், உங்க வீட்டுக்காரர் என்கிட்ட என்ன சொன்னார்னு தெரியுமா?" என்றார். உட்கார்ந்தபடி உன் அப்பா அவரிடம், மெர்ல், என்னை வெளியே அனுப்பு, நான் இத்தனை வருஷமா உன்கிட்ட ஒண்ணும் கேட்டதில்லை என்றாராம். எதுக்குய்யா என்றாராம் மெர்ல். "சனிக்கிழமை எனக்கு ஸ்காட்லாந்துல வேலை இருக்கு. நானா விட்டுட்டுப் போனா பையங்க ஒடைஞ்சு போயிடுவானுங்க. நீ அனுப்பினா ஆத்திரத்துல ஜெயிப்பானுங்க" என்றாராம். "வெளியே போகாத கோச்னு உனக்கு இருக்கறதே ஒரு பேரு, அதையும் தொலைக்கப் போறியா?" என்று மெர்ல் கேட்டிருக்கிறார். "அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது மெர்ல், என் பொண்ணு அதைக் கேக்கலையே" என்று சொன்னாராம். சொல்லிவிட்டு மெர்ல் மூக்கைச் சிந்திக்கொண்டு, "சண்டை போடத் தெரியாத மனுஷன், எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பையங்க என்னைத் திட்டிட்டே இருக்கட்டும்" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்தேன். ஒரு அம்பயருக்கு நான் முத்தம் கொடுப்பேன் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

உன் அப்பா வந்தார், பல் மருத்துவனைப் போகச் சொல்லிவிட்டு எங்கள் காரை அவரே ஓட்டினார். ஒமாஹா வரும் வரை மெர்லைத் திட்டிக்கொண்டே வந்தார். குருடன், கடன்காரன், வேணும்னே என்னை அவமானப்படுத்திட்டான், வேற வழி இல்லாமப் போச்சு, சரி சனிக்கிழமை சும்மா இருக்கறதுக்கு உன்னோட வர்றேன் என்றார். நானும் அநியாயம்தான் என்று தலையாட்டினேன். விமான நிலையத்தில் டிக்கியைத் திறந்தால் மட்டைப் பைக்குக் கீழே அவருடைய கறுப்புக் கோட்டு, இஸ்திரி போட்டு, உறையில். கேட்டால் எப்பவும் கிடக்கும் என்கிறார். நேற்று அவர் பஸ்ஸுக்குள் டெனியிடம் சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பஸ்ஸின் கியரை எப்படி உதைத்து மாற்றுவது என்றுதானாம். இனிமேல் பஸ் ஓட்டப் போவது டெனி. எல்லாவற்றையும் செய்துவிட்டு என்னை மட்டும் ஏழு இன்னிங்ஸ் வயிற்றில் நெருப்போடு உட்கார வைத்தார் பார், அதற்கு இருக்கிறது அவருக்கு.

நீ இதைப் படிக்கும்போது அவர் வெளியே பெட்டிகளோடு நின்று மாப்பிள்ளையிடம் மெர்லைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருப்பார். இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே இப்போது. சற்று முன் இங்கே நீளமான நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணைக் கூட்டிட்டுப் போறவன் எந்தக் காலை முதல்ல வெக்கணும்?" என்று கேட்டார். இரண்டு தடவை நடந்து பார்த்தோம், இரண்டு தடவையும் என் காலை மிதித்தார், பெட்டியோடு போன ஒரு குடும்பமே நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு திடீரென்று கையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். அந்த மாமாவுக்குக் கோட்டெல்லாம் தைச்சாச்சு, இப்போ போய் நான் கேக்கறது முறையில்லை. நான் அவகிட்ட வரேன்னு சொன்ன எதுக்கும் போனதில்லை. பின்வரிசையில ஒரு ஓரமா இடம் குடுத்தா போதும். நீ அவகிட்ட எதுவும் சொல்லிடாதே" என்றார். இப்போது பக்கத்து நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். சனிக்கிழமை ஆட்டத்தின் முடிவைக்கூட, ஞாயித்துக்கிழமை கேட்டுக்கலாம் என்று டெனியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது உன் பாடு, உனக்குப் பட்டது உனக்குத்தான் தெரியும். நீ எப்படி முடிவெடுத்தாலும் நான் உன் பக்கம்தான்.

கர்த்தர் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளையும், நிறையச் சிரிப்பையும், அளவான சண்டையையும் கொடுக்கட்டும். உன் வீட்டில் நாற்காலிகள் எப்போதும் நிறைந்திருக்கட்டும். மறக்காமல் இரண்டு காரியம் செய். அம்பயர் பண்ணின அநியாயத்தைப் பற்றி அவர் சொல்லும்போது சிரிக்காதே, பாவம்ப்பா நீங்க என்று மட்டும் சொல். அந்த மாமாவை வேண்டாம் என்று சொல்லும் எண்ணம் உனக்கு இருந்தால், அதை உன் அப்பாவிடம் வாயால் சொல்லிக்கொண்டிருக்காதே, அந்த இடத்திலேயே அவர் அழுதுவிடுவார், பெட்டிகளைத் தூக்க ஆள் இருக்காது. வெளியே வந்ததும் அவர் கையைக் கோத்துக்கொண்டு கார் வரைக்கும் மெதுவாக நட. இடது காலை முதலில் வை, அவருக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா,
லவோன் வொன்ட்ரா